குழந்தைகளின் உணவு ஒவ்வாமை: பரம்பரையா, பழக்கமா?

(நம் குடியிருப்பு மூத்தோர் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

நான் டாக்டர் இல்லை. பி.காம். முடித்துவிட்டு, வங்கியில் முப்பத்தைந்து வருடம் கவுண்டரிலும் லெட்ஜரிலும் காலம் தள்ளியவன். ஆனால் போன மாதம் நம் வாட்ஸ்அப் குழுவில் நடந்த வாக்குவாதத்தைப் பார்த்தபின், யாராவது ஒருவர் இதைப் படித்துவிட்டு வந்து சொன்னால் தேவலை என்று தோன்றியது.

விஷயம் உங்களுக்குத் தெரியும். குழந்தைகள் விளையாடும் இடத்தில் கடலை மிட்டாய் கொடுக்க வேண்டாம், தன் மகனுக்கு வேர்க்கடலை ஒத்துக்கொள்ளாது என்று ஒரு தாய் கேட்டுக்கொண்டார். "எங்கள் காலத்தில் இதெல்லாம் ஏது?" என்றார் ஒருவர். "கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தால் பழகிவிடும்" என்றார் இன்னொருவர். மூன்றாவதாக வந்ததுதான் எனக்கு மிகவும் வருத்தம்: "வயிற்றில் இருக்கும்போது அம்மா ஒழுங்காகச் சாப்பிட்டிருக்க மாட்டாள்."

முதலில் ஒன்று. பால் குடித்தால் நம்மில் சிலருக்கு வயிறு உப்புகிறதே, அது ஒவ்வாமை அல்ல, செரிமானக் கோளாறு. ஒவ்வாமை என்பது உணவில் உள்ள புரதத்தை உடம்பின் எதிர்ப்பு சக்தி எதிரியாக நினைத்துப் பாய்வது. சில நிமிடங்களிலேயே உடம்பெல்லாம் தடிப்பு, உதட்டு வீக்கம், வாந்தி வரலாம். மூச்சு அடைத்தால் உயிருக்கே ஆபத்து.

இது பரம்பரையா? பாதி ஆமாம். 2000-ஆம் ஆண்டு அமெரிக்காவில் வேர்க்கடலை ஒவ்வாமை உள்ள இரட்டையர்களை ஆராய்ந்தார்கள். அச்சு அசலாக ஒரே மாதிரி இருக்கும் இரட்டையரில் ஒருவருக்கு இருந்தால் மற்றவருக்கும் இருந்தது சுமார் 64 சதவீதம். சாதாரண இரட்டையரில் அது 7 சதவீதம்தான். ஆகவே மரபணுவுக்குப் பெரிய பங்கு உண்டு. ஆனால் மரபணு மட்டுமே காரணம் என்றால் அந்த 64, 100 ஆக இருந்திருக்க வேண்டும். மீதியை வேறு ஏதோ தீர்மானிக்கிறது.

மரபணு என்ன செய்கிறது என்பதற்கு நல்ல உதாரணம் ஃபிலாக்ரின் என்ற புரதம். நம் தோலை ஒரு சுவர் என்று வைத்துக்கொண்டால், செங்கல்லுக்கு நடுவே பூச்சு போல அதை இறுக்கிப் பிடிப்பதில் இதற்குப் பங்கு உண்டு. இந்த மரபணுவில் குறை இருந்தால் கரப்பான், அதாவது எக்ஸிமா, வர வாய்ப்பு அதிகம் என்று 2006-இல் ஸ்காட்லாந்தின் டண்டீ பல்கலைக்கழகத்தார் கண்டுபிடித்தார்கள். பிறகு வேர்க்கடலை ஒவ்வாமைக்கும் இதோடு தொடர்பு இருப்பது தெரிந்தது. தோலுக்கும் கடலைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். வீட்டுத் தூசியில் இருக்கும் கடலைத் துகள் வெடித்த தோல் வழியாக உள்ளே போனால் உடம்பு அதை எதிரியாகப் பதிவு செய்கிறது. அதே பொருள் வாய் வழியாக வயிற்றுக்குப் போனால் உணவாக ஏற்றுக்கொள்கிறது. இதுதான் இப்போது பலர் ஏற்கும் விளக்கம். எந்த வாசல் வழியாக முதலில் வருகிறது என்பதே கேள்வி.

இதற்கு ஆதாரம் இஸ்ரேலிலிருந்து வந்தது. அங்கே பாம்பா என்று வேர்க்கடலையில் செய்த ஒரு பொரி உண்டு; பல் முளைக்கும் முன்பே குழந்தைகள் சப்ப ஆரம்பிப்பார்கள். லண்டன் டாக்டர் கிடியன் லாக் குழுவினர் இங்கிலாந்தில் வாழும் யூதக் குழந்தைகளையும் இஸ்ரேலில் வாழும் யூதக் குழந்தைகளையும் ஒப்பிட்டு 2008-இல் வெளியிட்டார்கள். வம்சாவளி ஏறத்தாழ ஒன்றுதான். ஆனால் வேர்க்கடலை ஒவ்வாமை இங்கிலாந்தில் 1.85 சதவீதம், இஸ்ரேலில் 0.17 சதவீதம். பத்து மடங்கு!

அதோடு விடவில்லை. கடும் கரப்பான் அல்லது முட்டை ஒவ்வாமை உள்ள 640 கைக்குழந்தைகளைச் சேர்த்து, ஒரு பாதிக்கு வேர்க்கடலை உணவு தொடர்ந்து கொடுத்தார்கள், மறு பாதிக்கு ஐந்து வயது வரை அறவே கொடுக்கவில்லை. 2015-இல் முடிவு வந்தது. தவிர்த்தவர்களில் 17.2 சதவீதம் பேருக்கு ஒவ்வாமை, சாப்பிட்டவர்களில் 3.2 தான்.

இப்போது அந்தத் தாயைக் குறை சொன்னவர்களுக்கு. 2000-இல் அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கமே, ஆபத்து அதிகமுள்ள குழந்தைகளுக்கு மூன்று வயது வரை வேர்க்கடலை வேண்டாம் என்றுதான் சொல்லியிருந்தது. 2008-இல் அதைக் கைவிட்டார்கள். பெரிய மருத்துவர்களே மாற்றிச் சொல்லியிருக்கும் விஷயத்தில் ஒரு பெண்ணை நிற்கவைத்துக் கேள்வி கேட்க நமக்கு என்ன உரிமை?

"பழக்கினால் சரியாகும்" என்பவர்கள் கவனிக்க வேண்டும். அந்த ஆராய்ச்சி, ஒவ்வாமை வருவதற்கு முன், 4 முதல் 11 மாதக் குழந்தைகளிடம், சோதித்துப் பார்த்துச் செய்தது. ஏற்கெனவே ஒவ்வாமை வந்துவிட்ட குழந்தைக்கு நீங்கள் லிஃப்ட் வாசலில் ஒரு துண்டு கொடுப்பது சிகிச்சை அல்ல, விபரீதம். பால், முட்டை ஒவ்வாமை வளர வளரப் பலருக்குப் போய்விடும். வேர்க்கடலை ஐந்தில் ஒருவருக்குத்தான் போகிறது.

"எங்கள் காலத்தில் ஏது" என்பதில் கொஞ்சம் உண்மை உண்டு. கர்நாடகத்தில் பள்ளிக் குழந்தைகளிடம் எடுத்த கணக்கில் உணவு ஒவ்வாமை 0.14 சதவீதம்தான். ஆனால் அதே குழந்தைகளில் ஐந்தில் ஒருவருக்கு இரத்தப் பரிசோதனையில் ஏதோ ஓர் உணவுக்கு எதிர்ப்பு காட்டியது. அதனால்தான் சொல்கிறேன், பேக்கேஜ் சோதனை ரிப்போர்ட்டை மட்டும் வைத்துக்கொண்டு பேரனுக்குப் பாலையும் கோதுமையையும் நிறுத்திவிடாதீர்கள். இன்னொரு பக்கம், மெல்போர்னில் ஒரு வயதுக் குழந்தைகளில் பத்தில் ஒருவருக்கு மேல் உணவு ஒவ்வாமை கண்டிருக்கிறார்கள். அங்கே கிழக்காசியாவில் பிறந்த பெற்றோரின் குழந்தைகளுக்குக் கொட்டை ஒவ்வாமை சுமார் மூன்று மடங்கு. ஊர் மாறினால் உடம்பும் மாறுகிறது. நம்மில் பாதிப் பேருக்குப் பேரக் குழந்தைகள் வெளிநாட்டில்; லீவுக்கு வரும்போது அவர்கள் அம்மா சொல்வதைக் கேளுங்கள்.

கரப்பான் உள்ள குழந்தைக்குக் கடலை மாவு, பயத்தமாவு தேய்த்துக் குளிப்பாட்டுவதையும் கடலெண்ணெய் தடவுவதையும் டாக்டரைக் கேட்காமல் செய்யாதீர்கள். அப்படிப்பட்ட குழந்தைக்கு எந்த மாதத்தில் முட்டை, வேர்க்கடலை ஆரம்பிப்பது என்பதையும் அவரிடமே கேளுங்கள். கொடுக்கும்போது கூழாகக் கரைத்துத்தான். முழுக்கடலை தொண்டையில் அடைக்கும். யாராவது குழந்தைக்குச் சாப்பிட்டதும் வீங்கி மூச்சு வாங்கினால், வசம்பு, மோர் என்று நேரம் கடத்தாமல் 108-ஐ அழையுங்கள். அட்ரினலின் ஊசிதான் அதற்கு மருந்து. அரிப்பு மாத்திரை போதாது.

அடுத்த மாத நவராத்திரிச் சுண்டலுக்கு ஒரு ஏற்பாடு. ஒவ்வொரு பாத்திரத்தின் முன்பும் ஒரு சீட்டு வைக்கச் செயலாளர் சம்மதித்திருக்கிறார். "கடலை" என்று மொட்டையாக எழுதாதீர்கள். கொண்டைக்கடலையா, வேர்க்கடலையா என்று தெளிவாக வேண்டும். தாளித்த எண்ணெய் செக்குக் கடலெண்ணெய் என்றால் அதையும் எழுதுங்கள். நன்றாகச் சுத்திகரித்த எண்ணெயில் புரதம் அநேகமாக இருக்காது, செக்கில் ஆட்டியதில் இருக்கும். சீட்டும் பேனாவும் என் வீட்டிலிருந்து கொண்டுவருகிறேன்.