கொடுக்கும் கரத்தின் நிய்யத்



நமது எட்டயபுரத்துக்கு அண்மையிலுள்ள கோவில்பட்டி, ஹாக்கிக்குப் பெயர் பெற்ற ஊர். அங்கே பயிற்சி பெற்ற மாரீஸ்வரன், கார்த்தி ஆகிய இருவரும் 2022ஆம் ஆண்டு ஜகார்த்தாவில் ஆசியக் கோப்பையில் இந்திய அணிக்காக ஆடினர். அவ்வூரில் கே.ஆர். கல்வி நிறுவனங்கள் நடத்தி வந்துள்ள அகில இந்திய ஹாக்கிப் போட்டி, இலட்சுமி அம்மாளின் நினைவைத் தாங்கியது.

கல்லூரி விளையாட்டுக்கு மக்கள் ஏன் பொருள் தருகின்றனர்? மறைந்தோர் மீதுள்ள பாசம், படித்த கல்லூரிக்குச் செலுத்தும் நன்றி, ஊர்ப்பெருமை, கோப்பையில் பொறிக்கப்படும் பெயர் எனக் காரணங்கள் பல. அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில், அரங்கில் நல்ல இருக்கை கிடைக்கும் என்பதற்காகவே நன்கொடை அளிப்போரும் உளர்.

எச்செயலையும் நிய்யத்தைக் கொண்டே எடைபோட நமக்குக் கற்பித்தார்கள் நபி (ஸல்) அவர்கள். வெளிப்படையாகக் கொடுப்பதை மார்க்கம் தடுக்கவில்லை. அதைக் கண்டு பிறரும் கொடுக்க முன்வரலாம். எனினும் ஏழைக்கு மறைவாகக் கொடுப்பதே மேல் என்கிறது திருக்குர்ஆன் (2:271). சொல்லிக் காட்டுதலோ தர்மத்தையே பாழாக்கிவிடும் (2:264).

சகோதரர்களே! கோப்பைக்குப் பெயரிட முந்துவோர் பலர். வானம் பார்த்த இக்கரிசல் பூமியின் ஏழை மாணவனுக்குக் காலணியும் மட்டையும் சத்துணவும் வாங்கித்தர முந்துவோர் சிலரே. காரணம், அவற்றில் பெயர் பொறிக்க இடமில்லை! ஒரு மாணவனுக்கேனும் பயிற்சியாளர் வழியே உதவுங்கள். தந்தவர் யாரென அவன் அறிய வேண்டாம். அல்லாஹ் அறிவான், அது போதும்.

வல்ல ரஹ்மான் நம் நிய்யத்தைத் தூய்மையாக்குவானாக! ஆமீன்.