மாலை விளக்கும் மணிக்கணக்குக் கட்டணமும்



கல்விச் சங்கத்தின் வெள்ளி விழாவில் மின் கட்டணத்தைப் பற்றிப் பேசுவது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். நம் பிள்ளைகள் புத்தகத்தை விரிப்பது மாலை ஆறரை மணிக்கு மேல்தான். அந்த நேரத்து மின்சாரத்திற்குத் தனி விலை வைக்க விதி வந்துவிட்ட பிறகு, இது கல்விச் செய்தியன்றி வேறென்ன?

அண்ணல் அம்பேத்கர் 1942 முதல் 1946 வரை வைசிராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறையை ஏற்றிருந்தபோது மின்சக்தியும் அவர் பொறுப்பில் இருந்தது. மத்திய தொழில்நுட்ப மின்சக்தி வாரியம் 1944-இல் அமைந்தது அவர் காலத்தில்தான். மின்சாரம் மலிவாகவும் தாராளமாகவும் கிடைக்க வேண்டும் என்பதே அவர் கொள்கை. நம் மேடைகளில் இதை ஏனோ எவரும் எடுத்துச் சொல்வதில்லை.

இனி விதிக்கு வருவோம். 2023 ஜூன் மாதம் மைய அரசு மின் நுகர்வோர் உரிமை விதிகளைத் திருத்தியது. சூரிய மின்சாரம் மிகுந்திருக்கும் பகல் எட்டு மணி நேரத்திற்கு விலை வழக்கத்தினும் 20 விழுக்காடேனும் குறைய வேண்டும். உச்ச நேரத்தில் வீடுகளுக்கு 10 விழுக்காடேனும் கூட வேண்டும். மணிவாரியாகக் கணக்கு வைக்கும் ஸ்மார்ட் மீட்டர் பொருத்தப்பட்டதும் இது நடைமுறைக்கு வரும் என்பது ஏற்பாடு. தமிழ்நாட்டில் 2022 கட்டண ஆணைப்படி காலையிலும், மாலை 6 முதல் 10 வரையிலும் உச்ச நேரம். ஆனால் அது ஆலைகளுக்கு விதித்தது. ஸ்மார்ட் மீட்டருக்கான ஒப்பந்தப்புள்ளி, கேட்ட விலை மிகுதி என்று 2024 டிசம்பரில் ரத்தாயிற்று. ஆகவே நாள் தள்ளிப் போயிற்றேயன்றி, செய்தி முடிந்துவிடவில்லை.

நண்பகலில் மலிவு, மாலையில் உயர்வு என்பது உற்பத்திக் கணக்கில் நியாயமே. ஆனால் எந்த வீட்டுக்கு நியாயம்? தொட்டியத்து வாழைத் தோட்டங்களுக்குக் காலையில் கூலிக்குப் போகும் நம் வீடுகள் நண்பகலில் பூட்டிக் கிடக்கின்றன. துவைக்கும் இயந்திரமும் குளிர்சாதனமும் உடையவர் அவற்றைப் பகலுக்கு மாற்றிக்கொள்வர். நாம் எதை மாற்றுவது? அரசு வழங்கிய கிரைண்டரில் மாவாட்டுவதை ஞாயிற்றுக்கிழமைப் பகலுக்கு மாற்றலாம். விளக்கையும் விசிறியையும் மாற்ற முடியாது. வீட்டிலேயே மின்மோட்டார் வைத்துத் தைக்கும் சகோதரிகளுக்கு மட்டும் பகல் விலை உண்மையான நன்மை.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஒன்பது வாட் விளக்கு மூன்று, 75 வாட் விசிறி ஒன்று, 70 வாட் தொலைக்காட்சி ஒன்று. மாலை நான்கு மணி நேரத்திற்கு இரண்டு மாதத்தில் ஏறக்குறைய 41 யூனிட். பத்து விழுக்காடு உயர்ந்தால் சில ரூபாய்தான். எனவே பீதி கொள்ள வேண்டியதில்லை. நாம் கேட்க வேண்டிய கேள்வி வேறு. 2016 முதல் ஒவ்வொரு வீட்டுக்கும் இரு மாதத்திற்கு 100 யூனிட் விலையின்றி வருகிறதே, அந்த நூறை எந்த மணியிலிருந்து கழிப்பார்கள்? மாலை யூனிட்டில் முதலில் கழித்தால் பிள்ளைகளின் விளக்கு தப்பும்; பகல் யூனிட்டில் கழித்தால் விலையேறிய மாலை முழுதும் நம் தலையில் விழும். மாநில ஒழுங்குமுறை ஆணையத்திடம் நாம் கேட்டுப் பெற வேண்டிய விடை இதுவே.

மீட்டரே பகை என்று சொல்லும் கட்சியில் நாம் இல்லை. அண்ணன் தம்பி குடும்பங்கள் ஒரே இணைப்பில் வாழும் வீடுகள் நம் தெருவில் எத்தனை! நாளுக்கு 8 யூனிட் என்றால் அறுபது நாளில் 480. 2022 விகிதப்படி கட்டணம் 1,605 ரூபாய். கணக்கெடுப்பவர் நான்கு நாள் பிந்தி வந்தால் 512 யூனிட். 500-ஐத் தாண்டியதால் சலுகை குறைந்து 2,046 ரூபாய். நான்கு நாளுக்கு 441 ரூபாய்! நாள் தவறாமல் கணக்கெடுக்கும் மீட்டர் இந்த இழப்பைத் தடுக்கும்.

முன்பணம் கட்டும் முறையில்தான் விழிப்பு வேண்டும். 2021-இல் மைய அரசு வகுத்த திட்டம் முன்பண மீட்டரையே முன்வைத்தது. 2003 மின்சாரச் சட்டத்தின் 56-ஆம் பிரிவு, நிலுவைக்காக இணைப்பைத் துண்டிக்குமுன் 15 நாள் எழுத்து மூல அறிவிப்பு தர வேண்டும் என்கிறது. அந்தப் பதினைந்து நாளில் கூலி வாங்கிக் கட்டிவிடுவது நம் வழக்கம். முன்பணம் தீர்ந்தால் அந்த அவகாசம் எங்கே? தேர்வுக்கு முந்திய இரவில் தீர்ந்தால்? மேற்கு வங்க அரசு 2025 ஜூனில் வீடுகளுக்கு ஸ்மார்ட் மீட்டர் பொருத்துவதை நிறுத்தி வைத்ததும் மக்கள் எதிர்ப்பினால்தான்.

அதே சட்டத்தின் 64-ஆம் பிரிவு, கட்டணம் நிர்ணயிக்குமுன் பொதுமக்களின் கருத்தையும் மறுப்பையும் பரிசீலிக்க ஆணையத்தைக் கட்டாயப்படுத்துகிறது. 2022-இல் கோவை, மதுரை, சென்னை நகரங்களில் கூட்டம் நடந்தது. கூலியை விட்டு அவ்வளவு தூரம் செல்ல நம்மவரால் இயலாது. ஆயினும் எழுத்தில் அனுப்பலாம். நம் சங்கத்தின் மாலை வகுப்பில் பயிலும் மேல்வகுப்பு மாணவர், வீட்டு மின் அட்டையைக் கொண்டுவந்து ஓராண்டுக் கணக்கைப் படியெடுக்கட்டும். நூறு யூனிட் குறித்த கேள்வியையும், பதினைந்து நாள் அவகாசத்தையும் சேர்த்து மனு எழுதும் வேலையை ஆசிரியராகிய நாம் ஏற்றுக்கொள்கிறோம். கையெழுத்துக்கு வரும் ஞாயிறு மாலை சங்கக் கட்டடத்திற்கு வாருங்கள்; மின் அட்டையை மறவாதீர்கள்.