மாநிலப் பூங்கா: கோடு போட்டால் மட்டும் காடு பிழைக்குமா?



மாநிலப் பூங்காக்களைப் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். எனக்குக் கிடைத்திருக்கும் சில நிமிடங்களில் ஒரே ஒரு பூங்காவை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். பேராக் மாநிலத்தின் வட கோடியில், தாய்லாந்து எல்லையை ஒட்டியிருக்கும் ரோயல் பெலும் மாநிலப் பூங்காதான் அது. பரப்பளவு 1,17,500 ஹெக்டர். சிங்கப்பூரைப் போல ஏறக்குறைய ஒன்றரை மடங்கு.

முதலில் ஒரு சந்தேகத்தைத் தீர்த்துவிடுவோம். தேசியப் பூங்கா என்று சொல்லாமல் மாநிலப் பூங்கா என்று ஏன் சொல்கிறோம்? நம் கூட்டரசு அரசியலமைப்பின்படி நிலமும் காடும் மாநில அரசின் அதிகாரத்தில் உள்ளவை. ஒரு காட்டைப் பாதுகாப்பதா, மரம் வெட்ட உரிமம் கொடுப்பதா என்பதை மாநில அரசுதான் முடிவு செய்யும். பேராக் அரசு 2001-இல் மாநிலப் பூங்காக் கழகச் சட்டத்தை இயற்றியது. அதன் கீழ் 2007-இல் பெலும் காடு மாநிலப் பூங்காவாக அரசாங்கப் பதிவேட்டில் அறிவிக்கப்பட்டது.

இந்தக் காடு இத்தனை காலம் எப்படித் தப்பியது என்று பார்த்தால் வியப்பாக இருக்கும். கம்யூனிஸ்ட் போராளிகள் எல்லைக் காடுகளில் நடமாடிய காலத்தில் இது பாதுகாப்புப் பகுதி. பொதுமக்கள் நுழைய முடியாது. வெட்டுமரக்காரர்களுக்கும் அதே நிலைதான். 1989-இல் ஹட்யாய் அமைதி உடன்படிக்கை கையெழுத்தானது. போர் முடிந்த பிறகுதான் காட்டுக்கு உண்மையான சோதனை தொடங்கியது. மலேசிய இயற்கைக் கழகம் 1993-94-இல் அங்கே அறிவியல் ஆய்வுப் பயணம் மேற்கொண்டு, பெலும் எவ்வளவு அரிய செல்வம் என்பதை நாட்டுக்கு எடுத்துச் சொன்னது.

அப்படி என்ன இருக்கிறது அங்கே? நம் நாட்டில் காணப்படும் பத்து வகை இருவாட்சிப் பறவைகளும் பெலும்-தெமெங்கோர் காட்டில் வாழ்கின்றன. ஆண்டின் சில மாதங்களில் ஒரு வகை இருவாட்சிகள் இரண்டாயிரத்துக்கும் மேல் கூட்டங்கூட்டமாகப் பறந்து போவதைப் பதிவு செய்திருக்கிறார்கள். உலகின் மிகப் பெரிய மலர்களைக் கொண்ட ரஃப்ளேசியா இனம் இங்கே பூக்கிறது. மொட்டு முதிர மாதக்கணக்காகும். மலர்ந்தால் ஒரு வாரம்கூடத் தாங்காது. அதில் ஒரு வகைக்கு மறைந்த சுல்தான் அஸ்லான் ஷாவின் பெயரைச் சூட்டியிருக்கிறார்கள். யானையும் காட்டெருதும் தாது உப்புத் தேடி வரும் உப்பு நிலங்களும் உண்டு. மலாயில் அவற்றைச் 'சீரா' என்பார்கள்.

காட்டோடு மனிதர்களும் இருக்கிறார்கள். ஜஹாய், தெமியார் பூர்வகுடியினருக்கு இது பரம்பரை நிலம். எழுபதுகளில் தெமெங்கோர் அணை கட்டப்பட்டபோது பள்ளத்தாக்குகள் நீரில் மூழ்கின; பல பூர்வகுடிக் குடும்பங்கள் இடம் பெயர்ந்தன. இன்று நாம் படகில் போய்ப் படம் பிடிக்கும் ஏரிக்கு அடியில் அவர்கள் நடந்த தடங்கள் கிடக்கின்றன. பூங்காவைப் பற்றிப் பேசும்போது இதை மறைத்துப் பேசுவது நியாயமாகாது.

சரி, பூங்கா என்று அறிவித்துவிட்டோம். காடு பிழைத்துவிட்டதா? மலாயாப் புலியைக் கேட்டால் பதில் கிடைக்கும். நாடு முழுவதும் 2016 முதல் 2020 வரை நடந்த கணக்கெடுப்பில் 150-க்கும் குறைவான புலிகளே இருப்பது தெரிய வந்தது. பெலும்-தெமெங்கோரில் 2009-க்கும் 2018-க்கும் இடையில் புலிகள் ஏறத்தாழ பாதியாகக் குறைந்தன என்கிறது டபிள்யூ.டபிள்யூ.எஃப். மலேசியா. முக்கியக் காரணம் கம்பிக் கண்ணி. சில வெள்ளிக்குக் கிடைக்கும் கம்பி, புலியையும் கொல்கிறது, புலி தின்னும் மானையும் கொல்கிறது.

பூங்காவுக்குத் தெற்கே ஓடுகிறது கிழக்கு-மேற்கு நெடுஞ்சாலை. அதைத் தாண்டினால் தெமெங்கோர் வனக் காப்பு நிலம். பெயர் காப்பு நிலம்தான், ஆனால் அங்கே மரம் வெட்ட உரிமம் உண்டு. யானைக்கு இந்தக் கோடு தெரியுமா? 2025 மே மாதம் அந்தச் சாலையில் ஒரு குட்டியானை லோரி மோதி மாண்டது. லோரிக்கு அடியில் கிடந்த குட்டியை விட்டு நகராமல் தாய் யானை லோரியை முட்டிக்கொண்டு நின்ற காட்சியை நாடே பார்த்தது.

மாநில அரசை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. மரம் வெட்டினால் வருமானம். வெட்டாமல் விட்டால் மாநிலக் கருவூலத்துக்கு என்ன கிடைக்கும்? இதை உணர்ந்துதான் கூட்டரசு 2019-ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் காட்டைக் காக்கும் மாநிலங்களுக்கு 6 கோடி வெள்ளி ஒதுக்கியது. 2025-இல் அது 25 கோடி வெள்ளியானது. நல்ல தொடக்கம். அந்தப் பணத்தில் காவலர்கள் கூட வேண்டும், பூர்வகுடி இளைஞர்களுக்கு அந்தக் காவல் வேலை கிடைக்க வேண்டும் என்பது என் கருத்து.

நேயர்களே, நம்மால் முடிந்தவையும் உண்டு. காட்டு இறைச்சியை யார் கொடுத்தாலும் வாங்காதீர்கள். கெரிக்கிலிருந்து ஜெலி போகும்போது, முக்கியமாக இரவில், வேகத்தைக் குறையுங்கள். பள்ளி விடுமுறையில் பேரங்காடிக்குப் போகும் ஒரு நாளை மிச்சப்படுத்தி, முறைப்படி அனுமதி பெற்று, பிள்ளைகளைப் பெலும் அழைத்துப் போங்கள். பூர்வகுடி வழிகாட்டியை அமர்த்திக்கொள்ளுங்கள். பார்த்த பிள்ளைதான் நாளைக்குக் காட்டுக்காகப் பேசும்.