தீர்மானப் புத்தகத்தில் எழுதி வைத்த தேதி

(கூட்டமைப்பு ஆண்டு விழாவில் பேசியது)

கடன் வாங்கி முன்னேறின கதையைச் சொல்லுவேன்னு நினைச்சிருப்பீங்க. நான் சொல்லப் போறது என் சிறுநீர்க் குழாயைப் பத்தி. சிரிக்காதீங்க.

நான் சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி நெய்யிற தறியில் வேலை பார்க்கிறவ. ஆஸ்பத்திரிக்குத் துணி நெய்தாலும் ஆஸ்பத்திரின்னா பயம். தறியை விட்டு எழுந்திரிக்கணுமேன்னு தண்ணியே குடிக்க மாட்டேன். முன்னாடி ஒருமுறை கிட்னியில் கல் எடுத்திருந்தது. அதுக்குப் பிறகு வலது விலாவுக்குக் கீழே மந்தமா ஒரு வலி. சூடுன்னு நினைச்சு நீர்மோர், வெந்தயம்னு ஒரு வருஷம் ஓட்டினேன். கடைசியில் குளிர்க்காய்ச்சல் வந்து ஸ்கேன் எடுத்தால், வலது கிட்னி வீங்கிப் போயிருக்கு.

மதுரையில் டாக்டரம்மா படம் வரைந்து காட்டினாங்க. கிட்னியிலிருந்து மூத்திரப் பைக்கு இறங்கும் குழாய் சுமார் 25 சென்டிமீட்டர் நீளம். அகலம் 3, 4 மில்லிமீட்டர்தான். கல் உரசின இடத்தில் தழும்பு விழுந்து, சுருக்குப்பை வாய் மாதிரி இறுகிவிட்டது. கர்ப்பப்பை ஆபரேஷன், புற்றுநோய்க்குக் கரண்ட் வைக்கிறது, காசநோய் இவற்றாலும் சிலருக்கு இப்படி ஆகுமாம். வலியே இல்லாமல் கிட்னி கெட்டுப் போகிறதும் உண்டு. அதுதான் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

வயித்தைக் கிழிப்பாங்கன்னு வீட்டுக்காரர் பயந்தார். கிழிக்கலை. மூத்திரம் போகும் வழியாகவே மெல்லிய கம்பியை விட்டு, எக்ஸ்ரேயில் பார்த்தபடி, சின்ன பலூனை ஊதி இறுக்கத்தை விரித்தாங்க. சிலருக்கு லேசரால் தழும்பைக் கீறுவாங்க. சுருக்கம் குட்டையா இருந்தால்தான் இது நல்லா கைகொடுக்கும். நீளமா இருந்தால் ஆபரேஷன்தான். சிலருக்கு மறுபடி சுருங்குவதும் உண்டு, அதனால் ஸ்கேனுக்குப் போய்க்கொண்டே இருக்கணும்.

விரித்த இடம் ஆறட்டும்னு உள்ளே ஸ்டென்ட் என்கிற மெல்லிய குழாய் வைத்தாங்க. இரண்டு முனையும் சுருண்டிருக்கும். அடிக்கடி மூத்திரம் வரும், சில நாள் ரத்தம் கலந்தும் வரும். 6 வாரத்தில் எடுக்க வரச் சொன்னாங்க. வலி போனதும் நான் மறந்தே போனேன்.

பக்கத்துக் கட்டிலில் இருந்த அக்கா இப்படித்தான் இரண்டு வருஷம் மறந்துட்டாங்களாம். குழாய் மேலேயே கல் படிந்து, மூன்று தடவை ஆபரேஷன்.

என் தேதியை எங்கள் குழுச் செயலாளர் தீர்மானப் புத்தகத்தில் எழுதி வைத்திருந்தாங்க, சேமிப்புக்கும் கடன் தவணைக்கும் நடுவே. ஆடிப்பூரத் தேரோட்டம் முடிந்து போறேன்னு சொன்னேன். "ஆண்டாள் எங்கேயும் போக மாட்டா, நீ கிளம்பு"ன்னு பஸ் ஏத்திவிட்டாங்க. மயக்க ஊசிகூட இல்லை, பத்தே நிமிஷம்.

முதலமைச்சர் காப்பீட்டு அட்டைக்கு வருட வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கணும். எடுக்காதவங்க எடுத்துடுங்க. இப்போ எங்கள் புத்தகத்தில் இன்னொரு அக்காவின் பேர் இருக்கு. அவங்களுக்கு அடுத்த செவ்வாய் குழாய் எடுக்கணும். நான்தான் கூடப் போறேன்.