குடும்பத்தார் கவனத்திலேதான்!

(தலைப்பு: புதிதாக எழுதித் தரும் மருந்து நன்மை தருவது பெரிதும் மருத்துவர் கையிலா? குடும்பத்தார் கவனத்திலா?)



எனக்கு முன்னால பேசிய எதிரணித் தலைவர் வள்ளுவரைத் துணைக்குக் கூப்பிட்டார். நோயை ஆராய்ந்து, அதன் காரணத்தை ஆராய்ந்து வைத்தியம் செய்யணும்னு வள்ளுவர் சொன்னது மருத்துவருக்குத்தான்னு அடிச்சுச் சொன்னார். ஒத்துக்கறேன். ஆனா ஐயா, அதே அதிகாரத்துல இன்னும் ரெண்டு குறள் தள்ளிப் படிச்சிருக்கலாமே! (சிரிப்பு) 950-ஆவது குறள். மருத்துவம்னா நாலு பேரு சேர்ந்ததுங்கறார். நோயாளி, வைத்தியர், மருந்து, பக்கத்துல இருந்து கொடுக்கிறவர். யாரை முதல்ல வைக்கிறார்? நோயாளியை! டாக்டர் ரெண்டாவதுதான். (கைதட்டல்) அந்த நாலாவது ஆள் இருக்காரே, பக்கத்துல இருந்து கொடுக்கிறவர், அவர் தூங்கிட்டா என்ன ஆகும்னு சொல்லத்தான் நான் இங்க நிக்கிறேன். ஏன்னா எங்க வீட்ல தூங்கின அந்த நாலாவது ஆள் நான்தான்.

2018-ல நடந்தது. என் மாமியாருக்கு முடக்குவாதம். காலைல எழுந்தா ஒரு மணி நேரத்துக்கு விரல் மடங்காது, தோசைக் கரண்டியைப் பிடிக்க முடியாது. எங்க வீட்டு தோசை தப்பிச்சது வேற விஷயம். (சிரிப்பு) பெரிய டாக்டர்கிட்ட போனோம். நல்லாப் பாத்தார். சீட்டு எழுதினார். அதுல மெத்தோட்ரெக்ஸேட்னு ஒரு மாத்திரை, 10 மில்லிகிராம். பக்கத்துல இங்கிலீஷ்ல ‘வீக்லி ஒன்ஸ்’. அதாவது வாரத்துக்கு ஒண்ணே ஒண்ணு. எந்தக் கிழமைன்னு எழுதலை. நாங்களும் கேக்கலை.

மருந்துக் கடையில ஒரே கூட்டம். அந்தப் பையன் பழக்கத்துல கவர் மேல 1-0-0ன்னு எழுதிட்டான். காலைல ஒண்ணு. வீட்டுக்கு வந்ததும் அத்தை கேட்டாங்க, “ஏம்மா, இது தினமும்தானே?” நான் அடுப்படியில இருந்தேன். குக்கர் விசில் அடிக்குது. திரும்பிக்கூடப் பாக்காம, “ஆமா அத்தை, காலைல ஒண்ணு”ன்னு சொல்லிட்டேன். எம்.ஏ. படிச்சவ நான். சீட்டு என் கைப்பையிலதான் இருந்துச்சு.

எங்க அத்தை ஒழுங்குன்னா அப்படி ஒரு ஒழுங்கு. ராகு காலம் பாத்து, எமகண்டம் பாத்து, நாள் தவறாம போட்டாங்க. (சிரிப்பு) ஆறாம் நாள் வாயெல்லாம் புண்ணு. ரசம் சாதம்கூட இறங்கலை. உஷ்ணம்னு சொல்லி நான் மணத்தக்காளிக் கீரையை வதக்கிக் கொடுத்தேன். எட்டாம் நாள் காய்ச்சல். ஒன்பதாம் நாள் காலையிலயும் அந்த மாத்திரையை நானே தண்ணியோட கொண்டுபோய்க் கொடுத்தேன்.

அன்னிக்கு மத்தியானம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனா, டூட்டியில இருந்த சின்ன டாக்டரம்மா அட்டையை வாங்கிப் பாத்துச்சு. பத்து மாத்திரை அட்டையில ஒண்ணுதான் மிச்சம். அந்தப் பொண்ணு முகம் மாறிடுச்சு. ஒன்பது வாரத்துக்கு உள்ளதை ஒன்பதே நாள்ல போட்டிருக்காங்க! ரத்தத்தைச் சோதிச்சா வெள்ளை அணு தரைமட்டம். லூக்கோவோரின்னு முறிவு மருந்து ஊசி போட்டு, 12 நாள் ஆஸ்பத்திரி வாசம். அத்தை பிழைச்சாங்க. உலகத்துல பல நாடுகள்ல இதே மாத்திரையை இதே மாதிரி தினமும் போட்டு உயிரே போனவங்க உண்டு.

உடனே எதிரணி, “அப்ப அது விஷ மருந்துதானே”ன்னு கேக்கும். இல்லீங்க. இந்த மருந்தை உருவாக்கின குழுவுக்குத் தலைமை தாங்கினவர் எல்லாப்ரகட சுப்பாராவ். நம்ம சென்னை மருத்துவக் கல்லூரியில படிச்சுட்டு அமெரிக்கா போனவர். புற்றுநோய்க்கு அதிக அளவுல கொடுக்கிற அதே மருந்தை, மூட்டுக்குக் கொஞ்சமா, வாரம் ஒரு தடவை கொடுக்கறாங்க. உடம்புல புது அணுக்கள் உண்டாக ஃபோலிக் அமிலம் வேணும். அதோட வேலையை இந்த மருந்து தடுக்கும். வாரத்துக்கு ஒரு நாள்னா உடம்பு தாங்கிக்கும். தினமும்னா புது ரத்த அணு எங்கிருந்து வரும்? வாய்ப்புண்ணுதான் முதல் எச்சரிக்கை. அதைப் போய் நான் கீரையால மூடினேன்! மருந்து நல்ல மருந்து, டாக்டர் நல்ல டாக்டர், எழுதின அளவும் சரி. எங்க கவனம்தாங்க இல்லாமப் போச்சு. (கைதட்டல்)

“கேட்டா டாக்டர் கோவிச்சுக்குவார், வெளியில அறுபது பேர் காத்திருக்காங்க”ன்னு தம்பி ஒருத்தர் சொன்னார். கத்தரிக்காய் வாங்கும்போது காம்பைத் திருப்பிப் பாக்கறோம், பூச்சி இருக்கான்னு பாக்கறோம், கொசுறு கறிவேப்பிலை கேக்கறோம். வயித்துக்குள்ள போற புது மாத்திரைக்கு நாலு கேள்வி கேட்டா குத்தமா? (சிரிப்பு, கைதட்டல்) இது எதுக்கு? தினமுமா, வாரமா? வாரம்னா எந்தக் கிழமை? எது வந்தா உடனே ஓடி வரணும்? அவ்வளவுதான். அப்புறம் அவர் சொன்னதை அவர்கிட்டயே திருப்பிச் சொல்லணும்: “ஞாயித்துக்கிழமை மட்டும் ஒண்ணு, சரிங்களா டாக்டர்?” தப்பா இருந்தா அங்கயே திருத்திடுவார். அரை நிமிஷம்.

ஏற்கனவே சாப்பிடற மாத்திரை எல்லாத்தையும், நாட்டு மருந்து உட்பட, ஒரு பையில போட்டுக் கொண்டு போய்க் காட்டுங்க. இந்த மூட்டு மாத்திரை சாப்பிடறவங்களுக்கு கோ-ட்ரைமாக்சசோல்ங்கற சாதாரண ஆன்டிபயாட்டிக் சேர்ந்தாலே ரத்த அணு அபாயமா இறங்கும். உங்களைப் புதுசாப் பாக்கிற டாக்டருக்கு அது எப்படித் தெரியும்? நீங்க சொன்னாத்தானே! கர்ப்பமா இருக்கிற பொண்ணு, ஒரு மருந்து ஒத்துக்காம உடம்பு தடிச்சவங்க, கிட்னி பழுதுள்ளவங்க, இவங்க எல்லாம் கேக்காட்டியும் வாய் திறந்து சொல்லணும். இன்னொண்ணு, “எனக்கு நல்லாக் கேட்டுச்சு, நீங்களும் போட்டுப் பாருங்க”ன்னு மாத்திரை அட்டையை மதில் சுவருக்கு மேல நீட்டுற பக்கத்து வீட்டு அக்கா! குழம்பு கொடுங்க அக்கா, மாத்திரை வேண்டாம். (சிரிப்பு)

மருந்தோட மூலப்பெயரைப் புரியும்படி, முடிஞ்சவரை பெரிய எழுத்துல எழுதணும்னு இந்திய மருத்துவ கவுன்சில் 2016-லயே விதி கொண்டுவந்தாச்சு. அவங்க எழுதட்டும். படிக்கிறது யாருங்க?

(மணி ஒலிக்கிறது)

நடுவர் மணி அடிச்சுட்டார். ஒரே நிமிஷம் ஐயா.

அத்தைக்கு அப்புறம் டாக்டர் வேற மருந்து மாத்திக் கொடுத்தார். இப்ப தோசை மறுபடியும் அவங்க கையிலதான். போன மாசம் எனக்கு பி.பி.ன்னு சொல்லி புதுசா ஒரு மாத்திரை எழுதினாங்க. வீட்டுக்கு வந்து மேசை மேல வச்சேன். அத்தை கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கிட்டு, என் எதிர்ல வந்து உட்கார்ந்து சொன்னாங்க: “கவரு கிடக்கட்டும். சீட்டைக் கொண்டா, நான் எழுத்துக்கூட்டிப் படிக்கிறேன்.”

(பலத்த கைதட்டல்)