குடித்து ஓட்டியதை மெய்ப்பிப்பது எப்படி?

2024-இல் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றம் பெற்ற போர்ட் பிளேரிலும், இலங்கையினின்று தாயகம் திரும்பியோர் ரப்பர்த் தோட்டத்திற்கெனக் குடியேற்றப்பட்ட கச்சால் தீவிலும் தமிழ்ப் பேச்சு கேட்கிறது. பிழைப்பைத் தேடிக் கடல் கடந்து வந்த குடும்பங்களுக்குப் பெரும்பாலும் ஒருவர் உழைப்பே ஆதாரம். அந்த ஒருவரை ஒரு மோட்டார் வண்டி வீழ்த்திவிட்டால், குடும்பம் நியாயத்தை எங்கே, எவ்வாறு தேடுவது?

ஓர் உதாரணம் கூறுகிறேன். ரங்கத்துக்கும் மாயாபந்தருக்கும் இடையே, இரவு எட்டு மணிக்கு, வேலை முடிந்து நடந்து வரும் ஒரு தொழிலாளியைக் கார் ஒன்று மோதுகிறது. ஓட்டியவர் வாயில் மது நாற்றம் வீசியதாக அங்கிருந்தோர் அனைவரும் சொல்கிறார்கள். மறுநாள் காலையில் அவரோ, "நான் குடிக்கவேயில்லை" என்கிறார். இனி என்ன செய்வது?

மோட்டார் வாகனச் சட்டத்தின் 185-ஆம் பிரிவு ஓர் அளவை வகுத்திருக்கிறது. நூறு மில்லி லிட்டர் இரத்தத்தில் முப்பது மில்லி கிராமுக்கு மேல் மது இருக்கும் நிலையில் வண்டி ஓட்டுவது குற்றமாகும். ஆனால் இந்தச் சாட்சி நிலைத்து நிற்பதில்லை. உடல் மணிக்குச் சுமார் பதினைந்து முதல் இருபது மில்லி கிராம் வரை மதுவைக் கழித்துவிடுகிறது. விபத்தின்போது எண்பது இருந்ததென்று கொண்டால், நான்கு மணி நேரம் கழித்து அது இருபதாகவோ, அதற்கும் குறைவாகவோ ஆகிவிடும். குடித்தவர் குடியாதவராகத் தோற்றமளிப்பார்!

நம் தீவுகளில் இந்தக் கணக்கு இன்னும் கடுமையானது. ஜாரவா பழங்குடியினரின் காப்பகத்தினூடே செல்லும் அந்தமான் பெருஞ்சாலையில் வண்டிகள் குறித்த நேரங்களில் மட்டுமே அணியாகச் செல்ல அனுமதிக்கப்படுகின்றன. பிற தீவுகளுக்குக் கப்பல் வரவேண்டும். இரத்தத்திலுள்ள மது கப்பலுக்காகக் காத்திராது. ஆகவே, தலைநகரின் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போன பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று எண்ணுவது பிழை. பதிவு பெற்ற டாக்டர் எவர் அருகில் இருக்கிறாரோ, அவரிடமே ஓட்டியவரின் இரத்த மாதிரி எடுக்கப்பட வேண்டும்.

குடும்பத்தார் இதற்கு உத்தரவிட முடியாது, ஆனால் கோரலாம். போலீசில் தரும் முதல் புகாரிலேயே, ஓட்டியவர் குடித்திருந்ததாகக் கண்டவர்கள் கூறுகிறார்கள் என்று எழுதி, மூச்சுச் சோதனையும் இரத்தச் சோதனையும் செய்யவேண்டுமெனக் கேட்டு, மனு பெற்றதற்கு ரசீது வாங்குங்கள். விபத்துக்குப் பின் மூச்சுச் சோதனை கோர 203-ஆம் பிரிவு போலீசாருக்கு அதிகாரம் தருகிறது. குடித்து ஓட்டியதற்காகக் கைது செய்யப்பட்டவரை இரண்டு மணி நேரத்திற்குள் டாக்டர் பரிசோதிக்க வேண்டும் என்பது 202-ஆம் பிரிவு. தகுந்த காரணமின்றிச் சோதனைக்கு மறுத்தால், அந்த மறுப்பையே குற்றத் தரப்புக்கு ஆதரவான சூழ்நிலையாகக் கொள்ள 205-ஆம் பிரிவு இடமளிக்கிறது.

இரத்தம் எடுக்கும் முறையிலும் கவனம் வேண்டும். ஊசி குத்துமிடத்தை ஸ்பிரிட்டால் துடைத்தால், எதிர்த்தரப்பு வக்கீலுக்கு நல்லதோர் ஆயுதம் கிடைத்துவிடும். குப்பியில் கெடாமல் காக்கும் மருந்து சேர்த்து, முத்திரையிட்டு, குளிரில் வைத்து, யார் கையிலிருந்து யார் கைக்குப் போயிற்று என்பதையும் எழுதி வைக்கவேண்டும்.

இவையெல்லாம் தவறிப் போய்விட்டால்? அப்போதும் மனம் தளர வேண்டியதில்லை. கிரிமினல் வழக்கு வேறு, நஷ்ட ஈட்டு வழக்கு வேறு. 1971-இல் பச்சுபாய் கரியானி என்பவரின் கிரிமினல் வழக்கில் உச்ச நீதிமன்றம், மது நாற்றம், தள்ளாட்டம், குழறிய பேச்சு ஆகியவை மட்டும் போதா. இரத்தமோ சிறுநீரோ சோதிக்கப்பட்டிருக்க வேண்டும் என்று கருதியது. ஐயத்துக்கு இடமின்றி மெய்ப்பிப்பது அங்கே கட்டாயம். நஷ்ட ஈட்டு நீதிமன்றமோ, எது அதிகமாக நம்பத் தக்கது என்றே பார்க்கிறது.

2007 டிசம்பரில் டில்லியில் ஒரு விலையுயர்ந்த கார், விடியுமுன் நெரிசலற்ற அகலமான சாலையில் மோதிக் கவிழ்ந்து எரிந்தது. இரத்தச் சோதனையோ மூச்சுச் சோதனையோ இல்லை. டாக்டர் குறிப்பில் மது நாற்றம் என்று மட்டும் இருந்தது. காரின் சொந்தக்காரர் இன்ஷூரன்ஸ் பணம் கேட்ட அந்த வழக்கில், 2021-இல் உச்ச நீதிமன்றம் அந்தக் குறிப்பையும் விபத்து நிகழ்ந்த விதத்தையும் சேர்த்துப் பார்த்து, ஓட்டியவர் போதையிலிருந்தார் என்ற முடிவுக்கு வந்தது. இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு உதவிய அந்த நியாயம் அடிபட்டவருக்கும் உதவக் கூடியதே. ஆகையால் டாக்டரின் குறிப்பு, கண்டவர் வாக்குமூலம், டயர்த் தடத்தின் படம், மதுக்கடை ரசீது, காமிராப் பதிவு ஆகியவற்றில் எதையும் அற்பமென்று விட்டுவிடாதீர்கள். ஆயினும் குடித்திருந்தார் என்று காட்டினால் மட்டும் போதாது. அதனால் கவனம் பிசகி மோதினார் என்பதையும் காட்டவேண்டும்.

சிலர் வேறொன்றுக்கு அஞ்சுகிறார்கள். போதையை மெய்ப்பித்தால் இன்ஷூரன்ஸ் கம்பெனி தப்பித்துக்கொள்ளுமே என்கிறார்கள். 2019-இல் திருத்தப்பட்ட சட்டம் கம்பெனி எழுப்பக்கூடிய எதிர்வாதங்களில் இதையும் சேர்த்திருப்பது உண்மையே. ஆனால் 2023-இல் கேரள உயர் நீதிமன்றம் ஒரு வழக்கில், கம்பெனி முதலில் அடிபட்டவருக்குப் பணம் கொடுத்துவிட்டு, பிறகு வண்டிக்காரரிடம் வசூலித்துக்கொள்ளலாம் என்று தீர்ப்பளித்தது. அந்தக் கோரிக்கையை உங்கள் மனுவிலும் சேர்க்குமாறு வக்கீலிடம் சொல்லுங்கள்.

இறுதியாக ஒன்று. விபத்து அந்தமானில் நிகழ்ந்தாலும், மனுவை நீங்கள் வசிக்கும் ஊரின் தீர்ப்பாயத்திலும் கொடுக்கலாம். கணவனை இழந்து இராமநாதபுரத்தில் வாழும் பெண், வழக்குக்காகக் கப்பலேற வேண்டியதில்லை. சட்டத்தில் இப்போது எழுதியுள்ள கெடு விபத்து நாளிலிருந்து ஆறு மாதம். அழுகை ஓயட்டும் என்று அதுவரை காத்திருக்க வேண்டாம். புகாரின் நகலையும் டாக்டரின் குறிப்பையும் முதல் வாரத்திலேயே கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.