பரிசுப் பட்டியலுக்குப் பின்னால்

(பிப்ரவரி 28 விஞ்ஞான தினத்தன்று பெரம்பலூர் பொதுக்கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவின் சுருக்கம்)



1928-ஆம் ஆண்டு இதே நாளில்தான் சர் சி.வி. ராமன் ஒளிச் சிதறலில் தமது கண்டுபிடிப்பைச் செய்தார். 1930-இல் நோபல் பரிசு பெற்றார். அவர் பிறந்த திருவானைக்காவலும் நம் பெரம்பலூர், அரியலூரும் 1995 வரை ஒரே திருச்சி மாவட்டமாக இருந்தவை. நமக்குப் பெருமைதான்.

சென்னைப் பல்கலைக் கழகத்தின் பெருமையோ இன்னும் பெரிது. ராமனுக்குப் பின் 1983-இல் சந்திரசேகருக்கு நோபல் பரிசு. 2007-இல் வரதனுக்குக் கணிதத்தின் ஏபெல் பரிசு. மூவரும் படித்தது சென்னை மாநிலக் கல்லூரியில். அது யார் கல்லூரி? சர்க்கார் கல்லூரி! குடியானவனின் வரிப்பணமும் சேர்ந்து நடத்திய கல்லூரி!

ஆனால் ராமன் ஆராய்ந்தது கல்கத்தாவில்; சந்திரசேகர் பணிபுரிந்தது சிகாகோவில்; வரதன் நியூயார்க்கில். நாற்று விட்டது இங்கே, அறுவடையானது வேறு வயலில். ஏன்? ஆராய்ச்சிக்கு இங்கே போதிய வசதி செய்து தரவில்லை.

ராமானுஜத்தை எண்ணிப் பாருங்கள். கல்லூரித் தேர்வில் தோற்றவர். சென்னைத் துறைமுகத்தில் குமாஸ்தா. பட்டம் இல்லாத அவருக்கு 1913-இல் இதே பல்கலைக் கழகம் மாதம் 75 ரூபாய் உபகாரச் சம்பளம் கொடுத்தது. ஐந்தே ஆண்டில், 1918-இல், லண்டன் ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராக்கிற்று. பரிசு கடைசியில் வருவது, தோழர்களே. சோறு முதலில் வரவேண்டும்!

அந்தப் பல்கலைக் கழகத்தின் கதி என்ன? 2024-இல் வரி பாக்கி என்று சொல்லி அதன் வங்கிக் கணக்குகளையே முடக்கினார்கள். பிறகு விடுவித்தார்கள். ஆனால் பணமுடை தீர்ந்ததா? பரிசு பெற்றவருக்கு மாலை. பரிசு பெறப்போகிறவருக்குப் பட்டினியா?

நம் ஊரைப் பாருங்கள். சாத்தனூரில் கல்லாகிப் போன மரம் கிடக்கிறது. சுமார் 12 கோடி ஆண்டுப் பழமை. அரியலூர்ச் சுண்ணாம்புக்கல் சுரங்கங்களில் பண்டைக் கடல் உயிர்கள் கல்லாய்ப் பதிந்திருக்கின்றன. உலக விஞ்ஞானிகள் தேடி வருகிறார்கள். அந்தக் கல்லை வெட்டி சிமெண்ட் ஆலைக்கு அனுப்பும் தொழிலாளியின் மகள் அதை ஆராயும் விஞ்ஞானியாக வேண்டாமா?

ஆகவே நாம் கேட்பது மூன்று. சர்க்கார் பள்ளிகள்தோறும் ஆய்வுக்கூடம்! ஏழை ஆராய்ச்சி மாணவர்க்கு வயிறு நிறையும் உபகாரச் சம்பளம்! பல்கலைக் கழகங்களுக்கு முழு நிதி!

இவை கிடைத்தால் பரிசு தானே வரும். கிடைக்கும்வரை போராடுவோம்!